ஆறாம் வரிசை, பன்னிரண்டாம் நாற்காலி

"அந்த ஆளை எடுக்காதீங்க..."

குரல் கேட்டு அவள் திடுக்கிட்டு நின்றாள். அவள் கையில் இருந்தது ஆள் இல்லை. பழைய சாம்பல் நிறக் கோட்டு ஒன்று.

அந்தக் காலி அரங்கில் அப்படி ஏகப்பட்ட கோட்டுகள் இருந்தன. சில நாற்காலிகளில் சால்வை. ஒன்றில் ராஜா வேஷத்து அங்கி, ஜரிகை தொங்கியபடி. யாரோ துவைத்துக் காயப்போட்டுவிட்டு மறந்துபோனார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். உட்காரக் கூடாத நாற்காலிகளில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அன்றைக்கு அவள் வேலை. துணி இருந்தால் எப்படி ஒட்டுவது? வாரி எடுத்து நடைபாதையில் குவித்துக்கொண்டே வந்தாள். பாதி அரங்கு முடிந்திருந்தது.

மேடையிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். கழுத்தில் பெரிய ஹெட்போன். முகத்தில் பாதியைக் கறுப்பு முகக்கவசம் எடுத்துக்கொண்டிருந்தது. மீதி இருந்தவை கண்கள் மட்டும்... கோபமா சிரிப்பா என்று பிடிபடாத கண்கள்.

"யாருங்க நீங்க?"

"டிக்கெட் கம்பெனி. நீங்க?"

"சவுண்டு." அவன் குவியலைப் பார்த்தான். "காலையிலேருந்து ஒவ்வொருத்தரா கூட்டிட்டு வந்து உட்கார வெச்சேன். அத்தனை பேரையும் எழுப்பி விட்டுட்டீங்களே."

"யாரை?"

"என் ரசிகர்களை."

அவள் கோட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததில் சிலருக்குத் தனிமை தலைக்கேறிவிட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். வாசல் எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டாள்.

"வாசல் அந்தப் பக்கம்தான். ஆனா ஓட வேண்டாம், நான் தெளிவாத்தான் இருக்கேன்," என்றான் அவன். "காலி ஹால்ல சத்தம் சுவத்துல மோதித் திரும்பி வரும். ஆளுங்க உட்கார்ந்தா அவங்க உடம்பும் துணியும் அதைக் குடிச்சிடும். நீங்கதான் எல்லாரையும் தள்ளித் தள்ளி உட்கார வெக்கப் போறீங்களே. அப்ப எவ்வளவு குடிக்கும், எவ்வளவு திரும்பும்னு எனக்குத் தெரியணும். ஆளைக் கூப்பிட முடியாது. அதான் டிராமா ரூம்லேருந்து கோட்டு."

சொல்லிவிட்டு, அவள் காலி செய்த பக்கம் திரும்பி ஒரு கை தட்டினான். தட்டல் சுவரைத் தொட்டு, கூரையைத் தொட்டு, வால் நீண்டு திரும்பி வந்தது. கோட்டுகள் மிச்சமிருந்த பக்கம் போய் மறுபடி தட்டினான். இப்போது அது சுருக்கமாக, மெத்தையில் விழுந்ததுபோல அடங்கியது.

அவள் மன்னிப்புக் கேட்பாள், அல்லது சண்டை பிடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் இரண்டும் செய்யவில்லை.

"இன்னொரு தடவை தட்டுங்க," என்றாள்.

அவன் தட்டினான். அவள் கண்கள் சத்தத்தின் பின்னாலேயே கூரை வரை போய் வந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்கு, அவளைக் கோபித்துக்கொள்ளத்தான் வந்தோம் என்பது மறந்துபோனது.

அவள் கம்பெனியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவளும் அவள் அண்ணனும் இன்னும் மூன்று பேருமாக நடத்தும் சின்ன இடம் அது. முன்பு மைதானக் கச்சேரிகளுக்கு டிக்கெட் விற்றார்கள். போனுக்குள் வந்து சேரும் டிக்கெட். ஒவ்வொன்றும் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது பிளாக்செயின் என்கிற சங்கிலியில் பதிந்துவிடும். அதனால் போலி டிக்கெட் அடிக்க முடியாது. வாசலில் நின்று இரட்டை விலைக்கு விற்கவும் முடியாது. பிறகு பெருந்தொற்று வந்தது. மைதானங்களைப் பூட்டினார்கள். வீட்டிலிருந்தே பார்க்கும் கச்சேரிக்கு டிக்கெட் விற்றுப் பார்த்தார்கள். முதல் முறை எல்லோரும் ஆசையாக வாங்கினார்கள். அடுத்தடுத்த முறைகளில் பாட்டு ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. போலி டிக்கெட்டைப் பிடிக்க வைத்த சங்கிலிக்கு, யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதும் தெரியுமே... ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் ஊரையே பயமுறுத்த வேண்டாம். அருகில் இருந்தவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்பினால் போதும். ஒரே வீட்டுக்காரர்கள் சேர்ந்து உட்காரலாம். மற்றவர்களுக்கு நடுவே இரண்டு நாற்காலி காலியாக இருக்கும். சுகாதார அலுவலகம் யோசித்து யோசித்து, இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு கச்சேரிக்கு அனுமதி கொடுத்தது. அது ஒழுங்காக நடந்தால் மற்ற அரங்குகளும் திறக்கும். பிசகினால் கம்பெனிக்கு ஷட்டரை இறக்க வேண்டியதுதான். இதை அண்ணன் சாப்பாட்டு மேசையில் தினமும் ஒரு முறை சொல்லிவிடுவான், உப்பு எடுத்துப் போட்டுக்கொள்வதுபோல.

அன்று பிற்பகல் முழுவதும் இரண்டு பேருமாகக் கோட்டுகளை மறுபடி உட்கார வைத்தார்கள். எந்த நாற்காலி என்று அவள் சொன்னாள். அவன் வைத்தான்.

"ராஜாவை முன் வரிசையில போடலாமா, டிக்கெட்டம்மா?"

"டிக்கெட் வாங்கியிருந்தா போடுங்க, கோட்டுக்காரரே. ராஜான்னா ஓசியா?"

அவன் முகக்கவசத்துக்குள் சிரித்தான். சிரிப்பு கண்ணின் ஓரத்தில் மட்டும் தெரிந்தது. மிச்சச் சிரிப்பு எப்படி இருக்கும்... என்று அவள் யோசித்தாள். யோசித்ததற்காகத் தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"அந்தச் சங்கிலி எங்க இருக்கு? உங்க ஆபீஸ்லயா?" என்று கேட்டான்.

"ஒரு இடத்துல இல்ல. ஊர்ப்பட்ட கம்ப்யூட்டர்ல ஒரே நேரத்துல இருக்கு. ஒருத்தர் எழுதினா எல்லார்கிட்டயும் எழுதினதாயிடும்."

"அழிக்கணும்னா?"

"அழிக்க முடியாது."

"ரப்பரே கிடையாதா?"

"கிடையாது. தப்பா எழுதிட்டா கீழே சரியானதை எழுதலாம். ஆனா அந்தத் தப்பும் அங்கேயே இருக்கும். யார் வேணா பாக்கலாம்."

"அடேயப்பா... எங்க தொழில் தேவலை. தப்பான சுரம் ரெண்டு செகண்டுல தானே செத்துடும்." ஒரு கோட்டின் காலரை நிமிர்த்திவிட்டுக் கேட்டான்: "டிக்கெட்டை வேற யாருக்காவது குடுக்கலாமா?"

"குடுக்கலாம். ஆனா அதே குடும்பத்துக்குள்ளதான். இல்லைன்னா முன்பின் தெரியாத ஆள் பக்கத்துல வந்து உட்கார்ந்துடுவாரே. அந்த விதி நான் போட்டது."

இவ்வளவு கேள்வி கேட்கும் ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. கிளம்பும்போது அவன் தன் எண்ணைக் கொடுத்தான். "ஹெட்போன் மாட்டியிருந்தா கதவைத் தட்டறது கேக்காது. போன் பண்ணுங்க, திறக்கிறேன்." அவள் அதைக் 'கோட்டுக்காரர்' என்று சேமித்துக்கொண்டாள்.

அடுத்த சில நாட்கள் அரங்குக்குப் போக அவளுக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அந்தத் தப்பு நடந்தது ஒரு மழைப் பிற்பகலில். ஆறாம் வரிசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவள் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தாள். ஒரே வீட்டைச் சேர்ந்த இருவருக்கு அடுத்தடுத்த நாற்காலி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு எண்கள் தேவை. பதினொன்றாம் நாற்காலிக்குத் தன் எண். பன்னிரண்டாம் நாற்காலிக்கு அவன் எண்.

இதைச் சோதனைக்கென்றே வைத்திருக்கும் பொய்ச் சங்கிலியில் செய்ய வேண்டும். நிஜச் சங்கிலியில் செய்யக் கூடாது. மாற்றும் பொத்தானுக்கு விரல் போனது. அந்த நேரம் பார்த்துக் கூரையில் மழை இறங்கியது. மேடையில் நின்றவன் வேலையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். மழையைக் கேட்பதற்காக ஒருவன் கண்ணை மூடி நிற்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். இமைகள் லேசாக அசைந்தன... எதையோ எண்ணுவதுபோல. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டென்று அவன் கண்ணைத் திறந்து நேராக அவளைப் பார்த்தான்.

பதறிப்போய் விரல் பக்கத்திலிருந்த 'பதிவு' பொத்தானை அழுத்திவிட்டது.

அவள் போன் ஒலித்தது. மேடையில் அவன் சட்டைப் பையிலும் ஒன்று ஒலித்தது. எடுத்து, நிதானமாக வாய்விட்டுப் படித்தான். "ஆறாம் வரிசை, பதினொன்று, பன்னிரண்டு. ஒரே குடும்பம்." நிமிர்ந்தான். "டிக்கெட்டம்மா... நாம எப்ப ஒரே குடும்பம் ஆனோம்?"

"அது... சோதனை."

"அப்ப அழிச்சிடுங்க."

"அழியாது."

"ஓ..." என்றான். மழை அதற்கப்புறம் கொஞ்ச நேரம் இருவருக்குமாகப் பேசியது.

மறுநாள் காலை அண்ணன் அரங்குக்கே, அவள் வேலை செய்துகொண்டிருந்த ஆறாம் வரிசைக்கே வந்துவிட்டான். இருக்கை வரைபடத்தை அவனும்தான் பார்ப்பான்.

"என்ன இது, வாலு?"

"டெஸ்ட் பண்ணேண்ணா. சங்கிலி மாத்த மறந்துட்டேன்."

"யார் நம்பர் இது?"

"இங்க சவுண்டு பாக்கறவர்."

"ஏன், என் நம்பர் உனக்கு மறந்துபோச்சா?"

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"ரெண்டு தனித்தனி வீடு. ஒரே குடும்பம்னு எழுதி வெச்சிருக்க. அனுமதி குடுத்த அந்தச் சுகாதார ஆய்வாளர் அம்மா கண்ணுல பட்டா என்ன ஆகும்? முதல் பொய்யை நீங்களே எழுதறீங்களான்னு கேப்பாங்க. அஞ்சு பேர் சோறு இதுல இருக்கு." குரலைத் தணித்தான். "உண்மையைச் சொல்லு. உனக்கும் அவனுக்கும் ஏதாவது..."

அவளுக்குக் காது சூடேறியது. "ஒண்ணும் இல்லண்ணா. அவர் யாரோ ஒரு ஸ்பீக்கர்காரர். முகத்தைக்கூட நான் முழுசா பாத்ததில்ல. கைக்குக் கிடைச்ச நம்பரைப் போட்டேன். அவ்வளவுதான்."

சாயங்காலம் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அவளே எழுதி வைத்த வாசகம்: 'உங்கள் குடும்பத்தினர் ஒருவர் தம் டிக்கெட்டை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்.'

பன்னிரண்டாம் நாற்காலியும் இப்போது அவள் பெயரில். இரண்டும் ஒரே ஆளுடையவை. விதி மீறல் எதுவும் இல்லை. அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டான். "பரவால்லையே, விவரமான ஆளா இருக்கானே." அவளுக்கு மட்டும் ஏதோ ஒன்று கையை விட்டுப் போனதுபோல் இருந்தது. இந்த வழியை அவள் அவனிடம் சொல்லவே இல்லை. என்றைக்கோ கோட்டுகளை உட்கார வைத்துக்கொண்டே கேட்ட ஒரு கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டு, தானே செய்திருக்கிறான்.

நன்றி சொல்லப் போனாள்.

"வணக்கம், மேடம்," என்றான். மேடம்... டிக்கெட்டம்மா எங்கே போனாள்? "நன்றியெல்லாம் எதுக்கு? நான் யாரோ ஒரு ஸ்பீக்கர்காரன்."

அவள் மெல்லத் தலையை உயர்த்தினாள். ஆறாம் வரிசைக்கு மேலே, கூரையிலிருந்து ஒரு மைக் தொங்கிக்கொண்டிருந்தது. உட்காருகிற இடத்தில் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க அவன் கட்டியது. பின்னால், கடைசி வரிசைக்கும் பின்னால், கண்ணாடி அறைக்குள் அவன் ஹெட்போனோடு இருந்திருக்கிறான். எல்லாம் கேட்டிருக்கிறது.

விளக்கம் சொல்ல வாய் திறந்தது. ரோஷம் அதை மூடிவிட்டது. ஒட்டுக் கேட்டவர்தானே அவர்... அவருக்கு நான் ஏன் சமாதானம் சொல்ல வேண்டும்? கேட்பதுதான் அவன் வேலை என்பது தெரிந்தும் அப்படி நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு கதவைத் திறக்க அவனுக்கு போன் செய்யவில்லை. வாசலிலேயே நின்று, யாராவது வரும்வரை காத்திருந்து உள்ளே போனாள்.

கச்சேரி நாள் வந்தது. கோட்டுகள் எல்லாம் நாடக அறைக்குத் திரும்பிவிட்டன. சிவப்பு ஸ்டிக்கர்கள் ஒட்டிய நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காத்திருந்தன. வாசலில் அண்ணன் கூட்டத்தை இடைவெளி விட்டு நிறுத்திக்கொண்டிருந்தான். கதவு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வெளியே மழை.

அவள் ஆறாம் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பதினொன்றில். பக்கத்தில் பன்னிரண்டு, அவளுடையதாகி, அவளுக்கு வேண்டாததாகக் கிடந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மேலே தொங்கிய மைக்கைப் பார்த்தாள்.

"ஹலோ... கேக்குதா?"

தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"அன்னிக்கு இதே மைக்குக்குக் கீழே ஒரு தப்பைப் பேசிட்டேன். அதை அழிக்க முடியாது. அதனால கீழே சரியானதைச் சொல்லிடறேன். அது கைக்குக் கிடைச்ச நம்பர் இல்ல. எங்கண்ணன் நம்பரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உங்க நம்பரைத் தேடி எடுத்துத்தான் போட்டேன். சீட்டு மேப்புல நம்ம ரெண்டு சீட்டும் பக்கத்துல பக்கத்துல பச்சையாச்சுன்னா எப்படி இருக்கும்னு பாக்கணும்போல இருந்துச்சு... சங்கிலியை மாத்தாம விட்டதுதான் தப்பு. ஆள் தப்பில்ல."

பிறகு இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள். அது பாதி மழைக்குள் போய்விட்டது.

அவள் மெதுவாகத் திரும்பினாள். கண்ணாடி அறையில் விளக்கு எரிந்தது. நாற்காலி காலி.

யாருமே இல்லாத அறையிடமா இவ்வளவும் சொன்னேன்...

"எழுந்திருக்காதீங்க."

வரிசையின் ஓரத்தில் அவன் நின்றிருந்தான். மூச்சு வாங்கியது. கழுத்தில் ஹெட்போன், அதன் ஒயர் முழங்கால் வரை தொங்கி, முனை ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கையில் அந்தச் சாம்பல் நிறக் கோட்டு.

"எது வரைக்கும் கேட்டீங்க?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஆள் தப்பில்லைன்னு சொன்னீங்களே... உடனே எழுந்தேன். ஒயர் புடுங்கிக்கிச்சு." கொஞ்சம் நெருங்கி, இரண்டு நாற்காலி இடைவெளியில் நின்றான். "அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லலையே?"

"சொன்னேன்."

"என்ன?"

"அதான் போயிடுச்சே."

"மறுபடி சொல்லுங்க. நான் சவுண்டு ஆளு, நல்லா கேப்பேன்."

அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்க முகத்தை முழுசா ஒரு தடவை பாக்கணும்னு சொன்னேன். முதல் நாள்லேருந்து கண்ணுக்குக் கீழே நானே ஒரு முகம் வரைஞ்சு வெச்சிருக்கேன். சரியா இருக்கான்னு தெரியணும்."

அவன் பின்னோக்கி நடந்து, இன்னும் நாலைந்து நாற்காலி தள்ளிப் போனான். அங்கே நின்று முகக்கவசத்தைக் கீழே இறக்கினான்.

அவள் பார்த்தாள். தாடையில் ஒரு சின்னத் தழும்பு. கண்ணோரம் மட்டும் இத்தனை நாள் தெரிந்த சிரிப்பின் மீதிப் பாதி, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து, வெட்கத்தோடு இருந்தது.

"மூக்கு நான் நினைச்ச மாதிரி இல்ல," என்றாள்.

"ஏமாத்தமா?"

"இல்ல... இது நல்லா இருக்கு."

அவளும் தன் முகக்கவசத்தை இறக்கினாள். கேள்விகளாகவே கேட்டுப் பழகிய அந்த ஆளுக்கு, அப்போது கேட்க ஒன்றுமே தோன்றவில்லை.

கதவு திறக்கும் சத்தம். இருவரும் அவசரமாக முகத்தை மூடிக்கொண்டார்கள். சுகாதார ஆய்வாளர் அம்மா கையில் போனோடு வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் அண்ணன், வேர்த்துப் போய். அதற்குள் அவன் அருகே வந்து, எட்டி, கையிலிருந்த கோட்டைப் பன்னிரண்டாம் நாற்காலியில் நேராக உட்கார வைத்துவிட்டுப் பழையபடி இரண்டு நாற்காலி தள்ளி நின்றான்.

ஆய்வாளர் ஆறாம் வரிசையில் நின்றார். போனில் எதையோ தள்ளித் தள்ளிப் படித்தார்.

"பதினொன்று, பன்னிரண்டு... இப்ப ரெண்டும் இந்தப் பொண்ணு பேர்ல இருக்கு. ஆனா முதல்ல பன்னிரண்டு வேற நம்பர்ல இருந்திருக்கு. யாரோடது?"

"என்னோடதுங்க," என்றான் அவன்.

"ஒரே குடும்பம்னு போட்டிருக்கே. நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா?"

சோதனையில் நேர்ந்த பிழை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"இன்னும் இல்லைங்க."

அந்த 'இன்னும்' அரங்கின் சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. சத்தத்தைக் குடிக்க ஆளில்லாத அரங்கு அல்லவா. அண்ணன் தங்கையைப் பார்த்தான். தங்கை கூரையில் இருந்த மைக்கைப் பார்த்தாள்.

ஆய்வாளர், இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார்.

"இவர் யாரு?"

"எங்க ரசிகர்ங்க. சத்தத்தைக் குடிக்க."

"அவர் மாஸ்க் எங்க?"

அண்ணனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பல மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. ஆய்வாளர் சிரிக்கவில்லை. போனில் ஒரு பச்சைக் குறியை அழுத்தினார்.

"தள்ளி நின்னுதான் பேசறீங்க. சரி. இதை அழிக்க முடியாதுன்னு உங்க கம்பெனியிலேயே எனக்குப் பாடம் எடுத்தாங்க." அடுத்த வரிசைக்கு நகர்ந்துகொண்டே சொன்னார். "ஒரே குடும்பம் ஆனதும் அதையும் கீழே எழுதிடுங்க. தேதி போட்டு."

கதவுகள் திறந்தன. நனைந்த குடைகளோடு ஜனங்கள் தள்ளித் தள்ளி வந்து உட்கார்ந்தார்கள், இத்தனை நாள் எப்படி உட்காருவதென்றே மறந்துபோனவர்களைப்போல. அவன் கண்ணாடி அறைக்குத் திரும்பி ஹெட்போனை மாட்டிக்கொண்டான். விளக்கு அணைந்தது. முதல் சுரம் எழுந்தது. கூரையைத் தொட்டு, அதிகமும் இல்லாமல் குறைவும் இல்லாமல், எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே திரும்பியது.

பக்கத்து நாற்காலியில் சாம்பல் நிறக் கோட்டின் கை, நடுவிலிருந்த கைப்பிடிமேல் சரிந்து விழுந்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை. தன் கையை எடுத்து அதன்மேல் வைத்துக்கொண்டாள். பிறகு மைக் இருந்த பக்கம் லேசாக முகத்தைத் தூக்கி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இங்க நல்லா கேக்குது..."